பார்மசி மாணவர்களுக்கு நிர்வாகமும் வணிகமும் கற்பிப்பது எப்படி? புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பார்மசி கல்லூரிக்குப் புதிதாக வரும் ஆசிரியரின் கையில், மற்றவர்கள் விரும்பி எடுக்காத ஒரு பாடம் வந்து சேர்வது வழக்கம்: மருந்தக நிர்வாகம். ஆய்வகத்திலேயே ஆண்டுகளைக் கழித்தவருக்கு வரவு செலவும் ஆள் நிர்வாகமும் பழக்கமில்லாத விஷயங்கள். மாணவர்களோ இதை எளிதில் மதிப்பெண் வாங்கித் தரும் தாள் என்று நினைத்துத்தான் வகுப்புக்கு வருவார்கள். வேலைக்குப் போன சில மாதங்களில் நிலைமை மாறிவிடும். ஒரு மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவர் எப்போதாவதுதான் வருவார். "ஏன் ஸ்டாக் இல்லை, எப்போது வரும், பில் ஏன் இவ்வளவு, இன்றைக்கு யார் லீவு" என்ற கேள்விகள் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பாடத்தை முதல் முறையாக எடுக்கப் போகிறவருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மேலாண்மைப் பாடநூலின் முதல் அத்தியாயத்தில் தொடங்காதீர்கள். மருந்திலிருந்து தொடங்குங்கள். வணிகவியல் மாணவருக்கு இல்லாத ஓர் அறிவு நம் மாணவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்த மருந்து ஒரு நாள் இல்லாமல் போனால் உயிருக்கு ஆபத்து, எது இல்லாவிட்டால் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தெரியும். நிர்வாகத்தின் ஒவ்வொரு கணக்கையும் அந்த அறிவோடு முடிச்சுப் போடுவதுதான் உங்கள் வேலை.

பாடத்துக்கு உரிய இடத்தைக் கேட்டு வாங்குங்கள்

கால அட்டவணையில் இந்தப் பாடத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டு, "போதாதா?" என்று துறைத்தலைவர் கேட்கக்கூடும். அதற்குப் பதில் சொல்ல இரண்டு ஆவணங்கள் உதவும். உலக சுகாதார அமைப்பு 1997இல் 'ஏழு நட்சத்திர மருந்தாளுநர்' என்ற கருத்தை முன்வைத்தது. மருந்தாளுநர் ஏற்க வேண்டிய ஏழு பொறுப்புகளில் மேலாளர் என்பதும் தலைவர் என்பதும் தனித்தனியாக இடம்பெற்றிருந்தன. பன்னாட்டு மருந்தாளுநர் கூட்டமைப்பு 2012இல் வெளியிட்டு 2020இல் புதுப்பித்த உலகளாவிய திறன் சட்டகத்தில் நான்கு பெரும் பிரிவுகள் உண்டு. அவற்றில் ஒன்று முழுக்க அமைப்பும் நிர்வாகமும் பற்றியது. கொள்முதல், பட்ஜெட், ஆள் நிர்வாகம், பணியிட மேம்பாடு எல்லாம் அதில் அடங்கும். நிர்வாகத்தை விருப்பப்பாடமாக ஓரத்தில் வைப்பவர்களிடம் இதை எடுத்துக் காட்டுங்கள்.

எந்த ஆண்டில் வைப்பது என்பதும் முக்கியம். பல கல்லூரிகளில் இது கடைசிப் பருவத்தில், களப்பயிற்சி முடிந்த பிறகு வருகிறது. அதற்குள் மாணவர் ஒரு மருந்தகத்தில் மாதக்கணக்கில் நின்றிருப்பார், ஆனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். எண்களும் இருப்பும் களப்பயிற்சிக்கு முன்னால் வரட்டும். ஆள் நிர்வாகமும் தொழில் திட்டமும் பயிற்சிக்குப் பின்னால் வரட்டும். பாடத்தை இப்படி இரண்டாகப் பிரிக்க அனுமதி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகுப்பில் லாபத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள்

நோயாளிக்கு உதவ வேண்டும் என்று வந்த பிள்ளைகளுக்கு லாபம் என்றாலே ஒரு கூச்சம் இருக்கும். அதை மூடி மறைத்துவிட்டுப் பாடத்தை ஓட்டினால், பருவம் முழுக்க அவர்கள் ஒரு காலை வெளியே வைத்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். முதல் வகுப்பிலேயே பேசிவிடுவது நல்லது. வாடகையும் சம்பளமும் கொடுக்க முடியாமல் மூடிய மருந்தகம் யாருக்கும் மருந்து தராது. அதே நேரத்தில், விற்பனை இலக்குக்காகத் தேவையில்லாத மருந்தை நோயாளியின் தலையில் கட்டும் மருந்தகமும் உண்டு. இரண்டையும் மேசையில் வையுங்கள்.

பிறகு ஒவ்வொருவரையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: "மேலாளர் சொன்னாலும் நான் செய்ய மாட்டேன் என்பது எது?" எழுதியதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பருவத்தின் நடுவில், கணக்குகள் எல்லாம் புரிந்த பிறகு, திருப்பிக் கொடுத்து மாற்றி எழுதச் சொல்லுங்கள். "லாபத்துக்காக எதையும் செய்ய மாட்டேன்" என்று முதலில் எழுதியவர், "ஒரே மருந்தின் இரண்டு பிராண்டில் எனக்கு அதிக மார்ஜின் தருவதை, விலை வித்தியாசத்தைச் சொல்லாமல் கொடுக்க மாட்டேன்" என்று எழுதத் தொடங்குவார். அந்தக் கூர்மைதான் நமக்கு வேண்டும்.

எண்கள்: கையால் ஒரு முறை, எக்செல்லில் பல முறை

இங்கே அவசரப்படாதீர்கள். மருந்தின் அளவை எடைக்கு ஏற்பக் கணக்கிடத் தெரிந்த மாணவர்கூட மார்ஜினுக்கும் மார்க்கப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் தடுமாறுவார். ஒரு மருந்தை 80க்கு வாங்கி 100க்கு விற்கிறோம். விற்பனை விலையில் பார்த்தால் லாபம் 20 சதவீதம், இது மார்ஜின். கொள்முதல் விலையில் பார்த்தால் 25 சதவீதம், இது மார்க்கப். எந்த எண்ணைப் பேசுகிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லிப் பழக வேண்டும்.

உடனே அடுத்த கேள்வியைப் போடுங்கள்: "பக்கத்தில் புதிதாக ஒரு மருந்தகம் வந்துவிட்டது, நாமும் 10 சதவீதம் தள்ளுபடி கொடுக்கலாமா?" வகுப்பில் பெரும்பாலோர் கொடுக்கலாம் என்பார்கள். கணக்குப் போடட்டும். 90க்கு விற்றால் கையில் நிற்பது 10. மொத்த லாபம் பாதியாகிவிட்டது. பழைய லாபத்தையே எடுக்க விற்பனை இரண்டு மடங்காக வேண்டும். தள்ளுபடி 10 சதவீதம்தான், அதன் அடி 50 சதவீதம் என்பது அந்த நிமிடத்தில் அவர்களுக்கே தெரிந்துவிடும். நீங்கள் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

அடுத்து ஒரு மாதக் கணக்கைக் கொடுங்கள். விற்பனை 10,00,000. சரக்கின் அடக்கவிலை 8,00,000. வாடகை 40,000, சம்பளம் 90,000, மின்சாரமும் மற்றவையும் 20,000. மிஞ்சுவது 50,000, அதாவது 5 சதவீதம். மாறாச் செலவு மொத்தம் 1,50,000. அதை 20 சதவீத மார்ஜினால் வகுத்தால், மாதம் 7,50,000க்கு விற்கும்வரை லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இதை நாளாக மாற்றச் சொல்லுங்கள். தினமும் ஒரே அளவு விற்பனை என்று வைத்துக்கொண்டால், 30 நாள் மாதத்தில் 23ஆம் நாள் மதியத்துக்குப் பிறகு விற்பதுதான் லாபம். அதுவரைக்கும் விற்றதெல்லாம் மாதச் செலவுக்குச் சரி.

இதையே காலாவதியோடு இணையுங்கள். 8,000 அடக்கவிலையுள்ள மருந்து காலாவதியாகிவிட்டது. அந்த நட்டத்தை ஈடுகட்ட 20 சதவீத மார்ஜினில் 40,000க்குக் கூடுதலாக விற்க வேண்டும். அலமாரியின் பின்வரிசையில் தேதி முடிந்த அட்டைகளைப் பார்க்கும்போது இனி அவர்கள் கண்ணுக்கு இந்த எண் தெரியும்.

லாபம் இருக்கிறது, பணம் இல்லை

இந்தப் பாடத்தில் மாணவர்கள் நம்பவே மறுக்கும் இடம் இதுதான். ஆகவே மாத வாரியாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். மேலே சொன்ன மருந்தகத்தையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் கையில் பணம் இல்லை. சரக்கைக் கடனில் வாங்குகிறது, அந்தந்த மாதக் கொள்முதலுக்கு அடுத்த மாதம் பணம் கட்ட வேண்டும். விற்பனையில் பாதி ரொக்கம். மீதிப் பாதி காப்பீட்டு நிறுவனமோ மருத்துவமனையோ இரண்டு மாதம் கழித்துத் தர வேண்டியது.

முதல் மாதம் 5,00,000 வருகிறது, மாதச் செலவு 1,50,000 போகிறது, கையில் 3,50,000. இந்த இடத்தில் உரிமையாளர் சந்தோஷமாகப் புதிய குளிர்பதனப் பெட்டி வாங்கக் கிளம்பிவிடுவார் என்று சொல்லுங்கள். இரண்டாம் மாதமும் 5,00,000தான் வருகிறது. ஆனால் போன மாதச் சரக்குக்கு 8,00,000, மாதச் செலவுக்கு 1,50,000. இருந்ததையும் கொடுத்து 1,00,000 துண்டு விழுகிறது. கணக்குப் புத்தகப்படி இந்த இரண்டு மாதத்தில் லாபம் 1,00,000. கையிலோ அதே 1,00,000 பற்றாக்குறை. மூன்றாம் மாதத்தில், முதல் மாதக் கடன் பாக்கி வசூலாகிற பிறகுதான் நிலைமை மெல்லச் சரியாகிறது.

இப்போது நிர்வாகக் கேள்வியை அவர்களிடம் விடுங்கள். விநியோகஸ்தரிடம் கூடுதல் தவணை கேட்பதா, காப்பீட்டு பில்களை மாதக் கடைசிவரை வைத்திருக்காமல் வாராவாரம் அனுப்புவதா, இருப்பைக் குறைப்பதா? இருப்பைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால், "எந்த மருந்தை?" என்று கேளுங்கள். அடுத்த பாடத்துக்கு அதுவே வாசல்.

இருப்பு: நம் மாணவர் முன்னால் நிற்கும் இடம்

பாட நேரத்தில் பெரும்பங்கை நான் இதற்குத்தான் கொடுப்பேன். மருந்தகத்தின் பணம் பெரும்பாலும் அலமாரியில்தான் இருக்கிறது, நோயாளியின் நம்பிக்கையும் அங்கேதான் இருக்கிறது.

முப்பது மருந்துகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுப் பயன்பாடும் ஓர் அலகின் விலையும் இருக்கட்டும். இரண்டையும் பெருக்கி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, கூட்டுச் சதவீதம் போடச் சொல்லுங்கள். இதுதான் ஏபிசி பகுப்பாய்வு. 10 முதல் 20 சதவீத மருந்துகளே செலவில் 70 முதல் 80 சதவீதத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். அவை 'ஏ', நடுவில் இருப்பவை 'பி', பட்டியலின் நீண்ட வால் 'சி'. இதுவரைக்கும் எந்த வணிகவியல் மாணவரும் செய்துவிடுவார்.

அடுத்தது விஇடி. உயிர்காக்கும் மருந்து 'வி', அவசியமானது 'இ', இருந்தால் நல்லது என்ற ரகம் 'டி'. இதைக் கணக்கிட எந்தச் சூத்திரமும் கிடையாது, வாதிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு மருந்துக்கும் எழுத்துப் போடச் சொல்லி, மாறுபடும் இடங்களில் காரணம் கேளுங்கள். அட்ரினலின் ஊசி செலவுக் கணக்கில் 'சி'யில் விழும், மலிவு என்பதால். ஆனால் கடும் ஒவ்வாமையோடு ஒருவர் வந்து நிற்கும்போது அது இல்லையென்றால் மாற்று மருந்து தேட நேரம் கிடையாது. ஏபிசியை மட்டும் பார்த்து, "சி தானே, கவனம் தேவையில்லை" என்று ஒதுக்கும் மேலாளர் எவ்வளவு ஆபத்தானவர் என்பதை இந்த ஒரு மருந்தே காட்டிவிடும். இரண்டு பட்டியலையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் ஒன்பது கட்டம் வரும். 'ஏ'யில் உள்ள எல்லாமும் 'வி'யில் உள்ள எல்லாமும் மேலாளரின் நேரடிப் பார்வையில் இருக்க வேண்டும். 'சி'யும் 'டி'யுமாக இருப்பதை உதவியாளரிடம் விட்டுவிடலாம்.

மறு ஆர்டர் புள்ளியை, அதாவது இருப்பு எவ்வளவாகக் குறைந்ததும் அடுத்த ஆர்டர் போட வேண்டும் என்பதை, கற்பிக்கவும் இதே வழிதான். ஒரு வகை இன்சுலின் நாளுக்குச் சராசரி 4 குப்பி போகிறது, ஆர்டர் செய்தால் வந்துசேரச் சராசரி 5 நாள். ஆக 20 குப்பி இருக்கும்போது ஆர்டர் போட்டால் போதுமா? சில நாள் 6 குப்பி போவதுண்டு, சில முறை சரக்கு வர 7 நாள் ஆவதுண்டு. மோசமான நிலையில் 42 குப்பி வேண்டும். 42க்கும் 20க்கும் உள்ள வித்தியாசமான 22தான் காப்பு இருப்பு. இந்த 22 குப்பியில் முடங்கும் பணத்தை இன்சுலினுக்காகத் தாங்கிக்கொள்ளலாம், தாங்கத்தான் வேண்டும். ஒரு சத்து டானிக்குக்கு அதே அளவு காப்பு வைப்பது வீண். சூத்திரம் ஒன்றே என்றாலும், காப்பின் அளவை முடிவு செய்வது மருத்துவ அறிவு. குளிர்பதன இடத்தையும் மறக்க வேண்டாம். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டிய மருந்துக்குப் பெட்டியில் எத்தனை குப்பி கொள்ளும் என்பதும் ஆர்டரின் அளவைக் கட்டுப்படுத்தும்.

ஒரு முறைக்கு எவ்வளவு ஆர்டர் போட்டால் மொத்தச் செலவு குறையும் என்று சொல்லும் சிக்கன ஆர்டர் அளவுச் சூத்திரத்தை ஃபோர்டு ஹாரிஸ் 1913இல் வகுத்தார். பாடநூல்கள் அதற்குப் பக்கம் பக்கமாக இடம் தருகின்றன. தேவை ஆண்டு முழுக்க ஒரே சீராக இருக்கும் என்ற அனுமானத்தில் நிற்கும் சூத்திரம் அது. பருவத்துக்குப் பருவம் நோய் மாறும் மருந்தகத்துக்கு அரை மணி நேரம் அதற்குப் போதும்.

அந்த நேரத்தைச் சலுகை ஆர்டர்களுக்குச் செலவிடுங்கள். "100 பெட்டி வாங்கினால் 20 இலவசம்" என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. அந்த மருந்து மாதம் 8 பெட்டி விற்கிறது, காலாவதிக்கு இன்னும் 12 மாதம். வகுப்பு வேகமாக 96 என்று கணக்குப் போடும். பொறுங்கள் என்று நிறுத்துங்கள். ஒரு பெட்டி நோயாளிக்கு ஒரு மாதம் வரும். கடைசி மாதத்தில் விற்றால், அவர் சாப்பிட்டு முடிக்கும் முன்பே தேதி முடிந்துவிடும். ஆகவே விற்கக்கூடிய காலம் 11 மாதம், விற்பது 88. இலவசமாக வந்தது 20, குப்பைக்குப் போவது 32. பணம் கொடுத்து வாங்கிய நூறிலேயே பன்னிரண்டு வீண். மாணவர்கள் இதை மறக்கவே மாட்டார்கள்.

காலாவதி முந்துவதை முதலில் வெளியே அனுப்பும் ஒழுங்கைச் சொல்லில் கற்பிக்க வேண்டாம். ஒரே மருந்தின் நான்கு பேட்ச் (தயாரிப்புத் தொகுதி) காலி அட்டைகளைக் கொடுத்து, அலமாரியில் அடுக்கச் சொல்லுங்கள். புதிதாக வந்த பேட்ச்சின் தேதி பழையதைவிட முந்தியதாக ஒன்றை வேண்டுமென்றே கலந்து வையுங்கள். வந்த வரிசையில் அடுக்குபவர் யார், தேதியைப் பார்த்து அடுக்குபவர் யார் என்று தெரிந்துவிடும்.

ஆட்களை நடத்துவது

பட்டம் வாங்கிய கையோடு மருந்தகப் பொறுப்பை ஏற்கும் இளைஞர், தன்னைவிட இருபது வயது மூத்த உதவியாளருக்கு மேலாளர் ஆகிறார். இந்தச் சூழலைத்தான் அவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். தலைமைப் பண்புகளின் பட்டியலை ஒப்பிப்பதால் அந்த அச்சம் போகாது. நடித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சூழலைக் கொடுங்கள். நேற்று மாலை மெட்ஃபார்மின் 500க்குப் பதில் மெட்ரோனிடசோல் 500 கொடுக்கப்பட்டிருக்கிறது. நோயாளி வீட்டுக்குப் போய் அட்டையைப் பார்த்துத் திரும்பிவந்துவிட்டார், எதுவும் சாப்பிடவில்லை. ஒரு மாணவர் மேலாளர், இன்னொருவர் அனுபவமுள்ள உதவியாளர். முதல் முறை நடிக்கும்போது மேலாளர் கத்துவார், அல்லது பேச்சையே தவிர்ப்பார். மற்றொரு விதமாக முயலச் சொல்லுங்கள்:

"அண்ணா, கொஞ்சம் உள்ளே வர்றீங்களா? நேத்து சாயந்திரம் மெட்ஃபார்மினுக்குப் பதிலா மெட்ரோனிடசோல் போயிருக்கு. அவர் சாப்பிடலை, நல்லவேளை. அந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னு நீங்க சொன்னாத்தான் எனக்குப் புரியும்."

"ஆறு பேர் வரிசையில நின்னாங்க தம்பி. நடுவுல போன் அடிச்சுது, எடுத்துப் பேசிட்டேதான் அட்டையை எடுத்தேன். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, ரெண்டும் ஐந்நூறு."

இங்கே நடிப்பை நிறுத்திவிட்டு வகுப்பைக் கேளுங்கள்: இந்தப் பதிலில் மேலாளர் சரிசெய்ய வேண்டியவை எத்தனை? நெரிசல் நேரத்தில் ஆள் குறைவு. மருந்து எடுப்பவரே போனும் எடுக்க வேண்டிய நிலை. பெயர் வரிசையில் அடுக்கியதால் ஒத்த பெயரும் ஒத்த அளவும் கொண்ட இரண்டு மருந்துகள் அடுத்தடுத்து. கொடுக்கும் முன் இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லாதது நான்காவது. உதவியாளரைத் திட்டி அனுப்பியிருந்தால் இந்த நான்கும் அப்படியே இருந்திருக்கும், அடுத்த முறை யாரும் தவறை வெளியே சொல்லவும் மாட்டார்கள். கை தவறுவது ஒன்று, தெரிந்தே குறுக்குவழியில் போவது வேறொன்று, ஆபத்தை உணர்ந்தும் அலட்சியப்படுத்துவது மற்றொன்று. மூன்றையும் பிரித்தறிந்து நடத்தப் பழகுவது நிர்வாகத்தின் மிகக் கடினமான பகுதி. அதற்கு மூன்று வகுப்புகளாவது கொடுங்கள்.

ஷிஃப்ட் அட்டவணையை எண்களோடு போடச் செய்யுங்கள். ஒருவர் ஒரு மணி நேரத்தில் 15 மருந்துச்சீட்டுகளைக் கவனமாக முடிப்பார் என்று கொள்வோம். பிற்பகலில் மணிக்கு 6 சீட்டு, மாலையில் 35. மாலைக்கு மூன்று பேர் வேண்டும், பிற்பகலுக்கு ஒருவர் போதும். மிச்ச நேரத்தில் பிற்பகல் ஆள் காலாவதி சரிபார்ப்பும் சரக்கு எடுப்பும் செய்யலாம். அதன் பிறகு, "மூவரில் ஒருவர் திடீரென்று வரவில்லை" என்று அறிவித்துவிட்டு, யாருக்குப் போன் செய்வார்கள், எந்த வேலையைத் தள்ளிவைப்பார்கள், எதை எந்த நிலையிலும் விடமாட்டார்கள் என்று கேளுங்கள். ஆலோசனை சொல்வதை விட்டுவிடுவோம் என்று ஒரு குழு சொல்லும். யாருக்கான ஆலோசனையை விடலாம், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரினை முதன்முதலாக வாங்குபவருக்கும் விடலாமா என்று தொடர்ந்து போங்கள்.

சேவையின் விலை

மருந்து விற்பதற்கு அப்பால் இரத்த அழுத்தப் பரிசோதனை, தடுப்பூசி, மருந்து மறுஆய்வு என்று மருந்தகச் சேவைகள் பெருகிவருகின்றன. இவற்றின் அடக்கவிலையைப் போடும்போது மாணவர்கள் நோயாளியோடு பேசும் நேரத்தை மட்டும் எண்ணுவார்கள். முன்தயாரிப்பு, பதிவு எழுதுவது, மருத்துவரைத் தொடர்புகொள்வது ஆகியவை சேர்ந்தால் 15 நிமிடச் சந்திப்பு 40 நிமிட வேலையாகிவிடும். ஒருவரை ஒருவர் சந்திக்கவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து உண்மையான நேரத்தைக் குறிக்கச் செய்யுங்கள். அந்த நேரத்தை மணிநேரச் சம்பளத்தால் பெருக்கினால் குறைந்தபட்ச அடக்கவிலை கிடைக்கும். விளம்பரமும் சந்தைப்படுத்தலும் இந்தச் சேவைகளையொட்டியே வந்துபோகட்டும், தனிப் பகுதியாக நீட்ட வேண்டாம். மருந்து விளம்பரத்துக்கு நாட்டுக்கு நாடு சட்டக் கட்டுப்பாடு உண்டு என்பதை மட்டும் விடாமல் சொல்லுங்கள்.

மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லும்போது

"போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பினால் சுற்றுலாவாகத்தான் முடியும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு கேள்வி கொடுங்கள். ஒரு குழு ஒரு மருந்துச்சீட்டின் பின்னாலேயே போய், எத்தனை கை மாறுகிறது, எங்கே காத்திருக்கிறது என்று குறிக்கட்டும். இன்னொன்று, "இல்லை" என்று சொல்லப்பட்ட மருந்துகளை மட்டும் எழுதட்டும். வேறொரு குழு, வந்த சரக்கு பில்லோடு எப்படி ஒத்துப்பார்க்கப்படுகிறது என்று கவனிக்கட்டும். முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். நோயாளியின் பெயரோ, மருந்தகத்தின் கொள்முதல் விலையோ அறிக்கையில் வரக்கூடாது என்பதை மாணவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒழுங்கும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

வணிகத்துறை ஆசிரியர் ஒருவரும் பணியில் இருக்கும் மருந்தாளுநர் ஒருவரும் சில வகுப்புகளுக்காவது வந்தால் நல்லது. ஆனால் அவர்களிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டு நீங்கள் போய்விடாதீர்கள். கணக்கு ஒரு பக்கமும் மருந்து ஒரு பக்கமும் போகும்போது இரண்டையும் இணைத்துக் கேள்வி கேட்க நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

தொழில் திட்டமும் தேர்வும்

தொழில் திட்டம் எழுதச் சொன்னால் குழுக்கள் பெயரையும் லோகோவையும் வடிவமைப்பதில் இரண்டு வாரத்தைச் செலவிடும். முதலில் பன்னிரண்டு மாதப் பண வரவு செலவுப் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது தேறிய பிறகே மற்றவை. எண்களைப் பார்க்கும்போது, முதல் மாதத்திலேயே முழு விற்பனை என்று போட்டிருக்கிறார்களா, தொடக்க இருப்புக்கான பணத்தைக் கணக்கில் எடுத்தார்களா, உரிமையாளரின் சொந்த உழைப்புக்குச் சம்பளம் போட்டார்களா என்ற மூன்றையும் தவறாமல் பாருங்கள். குழுவில் ஒருவர் உழைத்து மற்றவர் மதிப்பெண் வாங்குவதைத் தவிர்க்க, திட்டத்தின் ஏதாவது ஓர் எண்ணைக் காட்டி, "இது எப்படி வந்தது?" என்று குழுவில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

தேர்வைப் பொறுத்தவரை, ஜார்ஜ் மில்லர் 1990இல் முன்வைத்த நான்கு படிகளை மனத்தில் வையுங்கள்: தெரிகிறது, எப்படி என்று தெரிகிறது, செய்து காட்டுகிறார், வேலையில் செய்கிறார். "மேலாண்மையை வரையறு" என்ற கேள்வி முதல் படியிலேயே நின்றுவிடும். மூன்றாம் படியைச் சோதிக்க நல்ல வழி, மேலாளரின் மேசையையே தேர்வாக்குவது. நாற்பது நிமிடம், பத்துத் தாள்கள். ஒன்று, ஒரு குறிப்பிட்ட பேட்ச்சைத் திரும்பப் பெறச் சொல்லும் உற்பத்தியாளரின் அறிவிப்பு. ஒன்று லீவு விண்ணப்பம், ஒன்று வாடிக்கையாளர் புகார், ஒன்று இன்றே முடியும் சலுகை ஆர்டர், ஒன்று குளிர்பதனப் பெட்டியில் இரவு 12 டிகிரி பதிவானதைக் காட்டும் வெப்பநிலைச் சீட்டு. எதை முதலில் எடுப்பார், எதை யாரிடம் ஒப்படைப்பார், எதை நாளைக்குத் தள்ளுவார், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம். பேட்ச் அறிவிப்புக்கும் வெப்பநிலைச் சீட்டுக்கும் முன்னால் சலுகை ஆர்டரைக் கையில் எடுப்பவருக்கு, கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் முழு மதிப்பெண் தராதீர்கள். இந்த விதியை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

பருவம் முடிந்த பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலை பாக்கி இருக்கும். களப்பயிற்சியிலிருந்தோ வேலையிலிருந்தோ வரும் பழைய மாணவர்களைப் பார்க்கும்போது, "பாடம் பயன்பட்டதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக என்ன முடிவு எடுக்கத் தெரியாமல் திணறினாய்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் சம்பவத்திலிருந்து பெயரையும் இடத்தையும் நீக்கிவிட்டு, எண்களைச் சற்று மாற்றி, அடுத்த குழுவுக்கான பயிற்சித் தாளாக எழுதிவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் தாள்களில் யாரும் திணறாத ஒன்றை அதற்குப் பதிலாக எடுத்துவிடலாம்.